பஞ்சாரத்தில் பொரித்த மயில்

என் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் பஞ்சாரம் கவிழ்ந்து கிடக்கிறது. கோழியையும் குஞ்சுகளையும் மூடி வைக்கிற கூடைதான். திண்டிவனத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் எனக்குக் கோழியும் இல்லை, குஞ்சும் இல்லை. துணி காயப்போட வரும் கீழ்வீட்டு அம்மா, "இத்த ஏன் டாக்டரம்மா வெச்சிக்கினு இருக்கீங்க, கரையான் வந்துடப் போவுது" என்று மாதம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அதன் அடிவிளிம்பில் ஒரு மூங்கில் சிம்பு ஒடிந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில்தான் நொண்டிச்சி என்ற மயிலின் விரல் போனது. அத்தை வீட்டிலிருந்து நான் எடுத்து வந்த ஒரே பொருள் இது. எடுத்து வர எனக்கு யோக்கியதை இருந்ததா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஒரே விஷயத்தில் அரசாங்கத்திடம் முழு உண்மையையும் அத்தையிடம் முழுப் பொய்யையும் சொன்னவள் நான். இரண்டில் எது அவரை அதிகம் வதைத்தது என்று யோசிக்க ஆரம்பித்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஏரியை ஒட்டிய எங்கள் சின்ன ஊரில் ஒன்றரைக் காணி நிலம் வைத்திருந்தார். மாமா சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன் சென்னையில் வேலை. கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு போகம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, மழை பார்த்துக் கொஞ்சம் கம்பு, கேப்பை. கொட்டகை போட்ட வீடு நிலத்திலேயே இருந்தது. அத்தைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ஆட்டை அதட்டினால் ஏரிக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர் திரும்பிப் பார்ப்பார். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ மருமவளே, மாட்டு டாக்டருக்குப் படிக்கிறியே, மொதல்ல ஒழுங்கா சாணி அள்ளக் கத்துக்கோ" என்று ஊர் கேட்கக் கத்துவார். பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகன் மலைக்குப் பால்காவடி எடுத்துப் போவது மட்டும் அவருக்கு ஒரு வருஷமும் தப்பியதில்லை. அன்று ஒருநாள் வாயே திறக்க மாட்டார்.

இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை, நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ஊரில் மயிலே கிடையாது. மலைமேல் வாகனமாகப் பார்த்திருக்கிறோம், காலண்டரில் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் ஒன்றிரண்டு தலைகாட்ட ஆரம்பித்தன. கல்குவாரியில் வெடி வைக்கிறார்கள், அதனால் இறங்கி வருகிறது என்றார்கள். ஏரி முழுக்க வேலிகாத்தான் முள் மண்டிவிட்டது, ஒளிய இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். முட்டையையும் குஞ்சையும் தின்ற குள்ளநரியின் ஊளை நின்றே பல வருஷம் ஆகிவிட்டது என்பது யாருக்கும் நினைவில் வரவில்லை. முதன்முதலாக ஒரு ஆண்மயில் எங்கள் ஏரிக்கரைப் பனைமரத்தில் வந்து உட்கார்ந்த அன்று, ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. யாரோ மரத்தடியில் சூடம் ஏற்றினார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகன் நம்ம ஊருக்கு வந்துட்டான்டி" என்று அழுதேவிட்டார். நானும் கூட நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் என்ன வரும் என்று அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியாது. படித்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

கடைசி வருஷப் படிப்பில் லீவுக்கு வந்திருந்தேன். வரப்புப் புதரைக் கழிக்கும்போது அத்தையின் அரிவாளுக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள் கிடந்தன. தாய் பறந்து போனது திரும்பவே இல்லை. அத்தை அவற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். "மருமவளே, நம்ம கோழி அடைக்கு உக்காந்துகினு இருக்குது. அதுக்கு வெச்சா பொரிக்குமா?" என்று கேட்டார். அன்றைக்கு என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும். "பொரிக்கும் அத்தை, ஏன் பொரிக்காது" என்றேன். வாங்கிப் பார்த்தேன், கையில் வெதுவெதுப்பாக இருந்தன. இருட்டு மூலைக்குப் போய் டார்ச் அடித்து, உள்ளே ரத்தநாளம் ஓடுவதை அத்தைக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் படித்தவள்தான். பரீட்சைக்குப் படித்ததை வயலில் வைத்து யார் நினைத்துப் பார்த்தார்கள்?

கோழிக்கு இருபத்தோரு நாள் கணக்கு, மயிலுக்கு இருபத்தெட்டு. இருபத்திரண்டாம் நாள் கோழி எழுந்து போய்விட்டது. அதற்கு அதன் கணக்கு முடிந்தது. அத்தை விடவில்லை. பிடித்து வந்து முட்டைமேல் உட்கார வைத்து, இந்தப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்தார். "என்னாடி அவசரம், இன்னும் ஒரு வாரம் குந்து, ஒனக்குக் கோடிப் புண்ணியம்" என்று கோழியிடம் கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு மறுபடியும் கெஞ்சினார். மூன்று பொரித்தன. ஒன்றைக் காக்கை தூக்கிப் போனது, ஒன்றைக் கீரி. மூன்றாவது பஞ்சாரத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வரப் பார்த்து, சிம்பில் கால் மாட்டி இடதுகால் நடுவிரலை இழந்தது. நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். பிழைக்காது என்று நினைத்தேன். பிழைத்தது, தத்தித் தத்தி நடந்தது, பெட்டை. அத்தை அதற்கு நொண்டிச்சி என்று பெயர் வைத்தார். "ஏ நொண்டிச்சீ, தின்ன வாடி" என்றால் எங்கே இருந்தாலும் வரும். விடிந்ததும் இந்தப் பஞ்சாரத்தைத் திருப்பிப்போட்டு அதில்தான் ஒரு பிடி கம்பு வைப்பார். வளர்ந்து ஏரிக்குள் போய்க் குடும்பம் நடத்திய பிறகும், காலையில் கம்புக்கு மட்டும் தவறாமல் வந்தது.

வந்தது தனியாக வரவில்லை. முதலில் அதன் குஞ்சுகள், பிறகு வேறு மயில்கள். ஐந்து, பன்னிரண்டு, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். சுற்றுவட்டாரம் முழுக்க இதே கதைதான். பனமலைப் பக்கம், மண்டகப்பட்டுப் பக்கம், எங்கே மாட்டுக்கு ஊசி போடப் போனாலும் மயில் கத்தலும் குடியானவர் புலம்பலும் சேர்ந்தே கேட்கும். ஆனால் எங்கள் ஊரில் மட்டும் பழி அத்தைமேல் விழுந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று, "ஏம்மா, நீ பெத்த பிள்ளைங்க எங்க கொல்லைய மேஞ்சிட்டுப் போவுதுங்க, வந்து பாரும்மா" என்பார். அத்தைக்கு வாய் இல்லாமல் போனதை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். மல்லாட்டை விதைத்தால் முளைக்கும் முன்பே சால் பிடித்தாற்போல வரிசையாகக் கிளறித் தின்றுவிடும். தகரம் தட்டினார், பட்டாசு கொளுத்தினார், கயிறு கட்டி அதில் பழைய சிடி தொங்கவிட்டார். எல்லோரும் செய்வதுபோல நிலத்தைச் சுற்றிப் புடவையை வேலியாகக் கட்டினார். பழைய புடவை போதாமல், என் முதல் சம்பளத்தில் நான் எடுத்துக் கொடுத்த கிளிப்பச்சைப் புடவையையும் கட்டிவிட்டார். நான் பார்க்கப் போன அன்று அதன்மேல் ஒரு மயில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. "கோச்சிக்காத மருமவளே" என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது, எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த மார்கழியில் இரண்டு தடவை விதைத்தார், இரண்டும் போயிற்று. மூன்றாம் தடவைக்கு விதை இல்லை. தம்பி வீடு, நாத்தனார் வீடு என்று கேட்டு அலைந்து வாங்கி வந்தார். இதுவும் போனால் அந்த வருஷம் நிலம் தரிசுதான். பூச்சிமருந்துக் கடையில் யாரோ, குருணை மருந்தில் மல்லாட்டைப் பருப்பைப் புரட்டி வரப்போரமாகத் தூவிவிடச் சொன்னாராம். "ரெண்டு தின்னா வாந்தி எடுத்துக்கினு ஓடிப்பூடும், அப்புறம் இந்தப் பக்கமே வராது, சாவாதும்மா" என்றாராம். அத்தை நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அவர் செய்தது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒரு போன் தூரத்தில்தான் இருந்தேன். கேட்டிருந்தால், தொடாதே, சாகும் என்று சொல்லியிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

தூவிய அன்று காலை வெயில் ஏறுவதற்குள் ஒன்பது மயில்கள் ஏரிக்கரையில் செத்துக் கிடந்தன. வனத்துறை ஜீப் வந்தது, கூட்டம் கூடியது. அந்தப் பகுதி என் மருந்தகத்துக்கு உட்பட்டது. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்துப் பிரேதப் பரிசோதனை செய்ய நான்தான் போனேன். யாருடைய நிலம் என்று போய்ச் சேரும்வரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சொன்னேன், என் அத்தை, வேறு யாரையாவது வரச் சொல்லுங்கள் என்று. "பக்கத்து டாக்டரு லீவு, வேற ஆளு வர்றதுக்குள்ள அழுகிப்பூடும் மேடம், நீங்க பாருங்க" என்றார்கள். அத்தை தூரத்தில் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் கையுறை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து வரவில்லை.

எட்டின் தீனிப்பையிலும் மல்லாட்டைப் பருப்பு இருந்தது, மருந்து ஒட்டிய பருப்பு. ஒன்பதாவதைப் புரட்டியபோது இடதுகாலில் நடுவிரல் இல்லை. என் கை நின்றுவிட்டது. வனக்காவலர், "இன்னா மேடம்?" என்றார். ஒன்றுமில்லை என்று அறுத்தேன். அதன் தீனிப்பை மற்றவற்றைப்போல இல்லை, கம்பால் நிறைந்து கல்மாதிரி கெட்டியாக இருந்தது. எப்போதும் ஒரு பிடி வைப்பவர் அன்று ஒரு படி வைத்திருக்கிறார். வயிறு நிறைந்தால் இது மட்டும் வரப்புக்குப் போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறார், பாவி. அத்தனை கம்புக்கும் மேலே நான்கே நான்கு மல்லாட்டைப் பருப்பு கிடந்தது. தொண்டைவரை தின்றுவிட்டும், கூட்டம் கொத்துகிற இடத்தில் போய் நான்கு கொத்துக் கொத்தியிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே கத்தி அழுதிருக்க வேண்டும். அழவில்லை. "கம்பு, நிலக்கடலைப் பருப்பு" என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

அத்தை மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "வெள்ளைக் கழிச்சல் நோய்னு எழுதிடேன், ஒன் கையிலதான இருக்குது. அம்மாவ உள்ள வெச்சிடுவாங்க" என்று கெஞ்சினான். எப்படியும் உள்ளுறுப்பு ஆய்வுக்குப் போகும், உண்மை வெளியே வரும், என் வேலையும் சேர்ந்து போகும் என்றேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அன்று எனக்கு நேர்மை கொஞ்சம் சுலபமாகவே வந்து தொலைத்தது. நொண்டிச்சி செத்த ஆத்திரமும் அதில் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். விஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அத்தையை ஜீப்பில் ஏற்றினார்கள். வரப்பில் நின்று திட்டிய பக்கத்து நிலத்துக்காரர்தான் ஓடி வந்து தன் துண்டைக் கொடுத்தார், வழியில் குளிரும் என்று.

பதினோரு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. விழுப்புரம் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தோம். அத்தை பாதி உருவமாகியிருந்தார், குரலும் பாதியாகியிருந்தது. நான் எதையோ சொல்லி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அத வுடு மருமவளே. நீ ஒன் வேலயப் பாத்த. செஞ்சது நானு" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஒன்பதுன்றாங்க. அதுல என் நொண்டிச்சி இருந்துச்சா?" என்றார்.

"இல்ல அத்தை" என்றேன்.

"நல்லாப் பாத்தியா? காலு பாத்தியா?"

"ஒவ்வொண்ணா பாத்தேன் அத்தை. அது இல்ல."

அத்தை அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மயிலம் இருக்கும் திசை எது என்று வக்கீலிடம் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நான் டீ வாங்கப் போனேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

மறுநாள் விடியலிலிருந்தே பஞ்சாரத்தைத் திருப்பிப்போட்டுக் கம்பு வைக்க ஆரம்பித்துவிட்டார். நொண்டிச்சி பயந்துபோய் எங்கோ ஒதுங்கியிருக்கிறது, பசித்தால் வரும் என்று அவருக்கு உறுதி. அது வரவில்லை, மற்றவை வந்தன. செத்த ஒன்பதுக்கு இருபது புதிதாக வந்தன. ஒரு பிடிக் கம்பு ஒரு படியாயிற்று. வந்தவற்றின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதே காலை வேலையாகிவிட்டது. பக்கத்து நிலத்துக்காரர் இம்முறை திட்டவில்லை, என்னிடம் வந்து சொன்னார்: "நீங்க சொன்னா கேப்பாங்க. தீனி போட்டுப் போட்டு இங்கயே பழக்கிட்டாங்க. பெரிய பேஜாராப் பூடுச்சும்மா, எங்க மல்லாட்டை ஒரு செடி மிஞ்சல." மகன் கூப்பிட்டான், சென்னைக்கு வந்துவிடு என்று. "நொண்டிச்சி வந்தா யாருடா பாக்குறது?" என்று போனை வைத்துவிட்டார். வழக்கு வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக இழுத்தது. நிலம் தரிசாகக் கிடந்தது. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. அந்த இரண்டு வருஷத்தில் குறைந்தது முப்பது தடவை நான் அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் வண்டியில் வரும்போதே, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அத்தை கைநிறையக் கம்போடு வாசலில் நிற்பார். "மருமவளே, நேத்து ஒண்ணு தத்தி நடந்துச்சுடி, கிட்டப் போறதுக்குள்ள பறந்துடுச்சு" என்பார். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கம்பு வைக்கப் போன இடத்தில்தான் ஒருநாள் விழுந்தார். பக்கவாதம். விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தார். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டதால் அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் விளங்கியது. தினமும் ஒரே கேள்வி, வந்ததா? ஏழாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவோம், இனிமேல் காத்திருந்து என்ன ஆகப்போகிறது என்றுதான் கட்டிலருகே குனிந்தேன். வாயைத் திறந்தால், "வந்துச்சு அத்தை. காலையில வந்து கம்பு தின்னுச்சு" என்று வந்தது. நல்ல பக்கத்துக் கையால் என் விரல்களைப் பிடித்து, நடுவிரலை மட்டும் தடவினார். கால் பார்த்தாயா என்று கேட்கிறார். "பாத்தேன். அதே காலு" என்றேன். அத்தை சிரித்தார். மறுநாள் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்து நான் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம் என்று அத்தை மகன் சொல்கிறான். எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. இரண்டு வருஷம் ஒரு செத்த பறவைக்காகக் கிழவியை விடியலில் எழுப்பி நிற்க வைத்தது என் வாய்.

நிலத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே மனை போட்டுக் கல் நட்டிருக்கிறது. மயில்கள் அந்தக் கற்களின்மேல் ஏறி நின்று கத்துகின்றன. திண்டிவனம் ஊருக்குள்ளேயே வந்துவிட்டன, எங்கள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் காலையில் ஒன்று உட்காருகிறது.

போன மாதம் மருந்தகத்துக்கு ஒருவர் வந்தார். ஜேசிபி ஓட்டுகிறவர். துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தார், மூன்று முட்டைகள். மனை போட மேட்டைத் தள்ளும்போது புதரில் கிடைத்ததாம். அத்தையின் நிலத்துக்கு இரண்டு நிலம் தள்ளி. "தாய் பயந்து ஓடிப்பூச்சுங்க மேடம். பாவமா இருந்துச்சு. எங்க வீட்டுல கோழி அடைக்கு உக்காந்துகினு இருக்குது. வெச்சா பொரிக்குமா?" என்றார். முகத்தில் அவ்வளவு ஆசை. நான் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. டார்ச் மேசை இழுப்பறையில் இருந்தது, நான் எடுக்கவில்லை.

"பொரிக்காதுங்க. கெட்டுப்போச்சு" என்றேன்.

அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வனத்துறைக்குப் போன் செய்தேன், சாயங்காலம் வருகிறோம் என்றார்கள். அதுவரை மூன்றும் மேசைமேல் இருந்தன. நான் வந்த மாடுகளைப் பார்த்துக்கொண்டே நடுநடுவே வந்து தொட்டுப் பார்த்தேன். மதியம்வரை சூடு இருந்தது. நான்கு மணிக்குத் தொட்டபோது இல்லை.

வீட்டுக்கு வந்து நேரே மாடிக்குப் போனேன். பஞ்சாரம் கவிழ்ந்தபடியே கிடந்தது. கீழ்வீட்டு அம்மா சொன்னது சரிதான், அடிவிளிம்பில் கரையான் ஏறிவிட்டிருந்தது. தட்டிவிட உட்கார்ந்தவள், எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.